வாசகர் கேள்வி: ‘போஜாங்கிள்ஸ்’ பார்க்கலாமா?

கேள்வி: டேப் டான்ஸர் (ஷூவால தரையைத் தட்டி தாளம் போட்டு ஆடுறவர்) பில் ராபின்சன் வாழ்க்கையை 2001ல ‘போஜாங்கிள்ஸ்’ங்கிற பேர்ல டிவி படமா எடுத்தாங்கன்னு கேள்விப்பட்டேன். பார்க்கலாமா சார்?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: கண்டிப்பா பாருங்க. அமெரிக்காவுல ஷோடைம் சேனலுக்காக ஜோசப் சார்ஜென்ட் டைரக்ட் பண்ணது, ராபின்சனா நடிச்சவரு கிரெகரி ஹைன்ஸ். அவரே பெரிய டேப் டான்ஸர், 1992ல நியூயார்க்கோட பிராட்வே நாடக மேடையில டோனி அவார்டு வாங்குனவர், அதனால மூஞ்சிக்கு ஒரு ஷாட் காலுக்கு ஒரு ஷாட்னு ஏமாத்த வேண்டிய தேவையே இல்ல. ஆனா ரெண்டு பேர் ஆட்டமும் வேற வேற. ராபின்சன் மரத்துல அடி போட்ட ஷூவோட, நிமிர்ந்து நின்னு முன்பாதத்துல அவ்ளோ லேசா ஆடுவார், ஹைன்ஸ் கொஞ்சம் குனிஞ்சு தரையை அழுத்தி மிதிச்சு தாளத்தை அங்கயே உடைச்சு விளையாடுற ஆளு. தன் பழக்கத்தை ஒதுக்கி வச்சுட்டு இன்னொருத்தர் காலா மாறுறது எவ்ளோ கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க. 2003ல ஹைன்ஸ் கேன்சர்ல போயிட்டாரு, 57 வயசுதான், இன்னும் எவ்ளோ ஆடியிருக்கலாம்.

கேள்வி: ராபின்சன் சினிமாவுல வேலைக்காரனாவே நடிச்சாரேன்னு என் பையன் கோவப்படுறான். நான் என்ன சொல்றது?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: பையன் கோவம் நியாயம்தாம்மா. அந்தக் காலத்து ஹாலிவுட் கறுப்பர்களுக்குக் கொடுத்ததே பெரும்பாலும் வேலைக்கார வேஷம்தான், அதை ஏத்துக்கிட்டதுக்கு அவர் இனத்து ஆளுங்களே அவரைத் திட்டுனாங்க. ஆனா 1935ல வந்த ‘தி லிட்டில் கர்னல்’ படத்துல சின்னப் பொண்ணு ஷெர்லி டெம்பிள் கையைப் பிடிச்சுட்டு மாடிப்படியில ஆடுவாரு பாருங்க, அதை அவன்கிட்ட போட்டுக் காட்டுங்க. கறுப்பரும் வெள்ளைக்காரப் பொண்ணும் ஜோடியா ஆடுறது ஹாலிவுட் படத்துல அதுதான் முதல் தடவைன்னு சொல்வாங்க. அந்தப் படி ஆட்டம் சினிமாவுக்கு முன்னாடியே மேடையில அவர் பேரு சொன்ன ஐட்டம், ஒவ்வொரு படியிலயும் சத்தம் வேற மாதிரி விழும், ஜலதரங்கக் கிண்ணம் மாதிரி, கண்ணை மூடிட்டுக் கேட்டாக்கூட ஏறுறாரா இறங்குறாரான்னு புரிஞ்சிடும்.

இன்னொண்ணு, சொந்த ஊர் ரிச்மண்ட்ல ஒரு முக்குல பசங்க ரோட்டைக் கடக்க பயந்து நிக்கிறதைப் பார்த்துட்டு கைக்காசு போட்டு டிராஃபிக் லைட் வச்சுக் கொடுத்தவர் அவர், 1973ல அதே முக்குலதான் சிலை வச்சாங்க. சம்பாதிச்சதை சூதாட்டத்துலயும் ஊருக்கு வாரிக் கொடுத்தும் விட்டுட்டு 1949ல கையில காசில்லாமதான் செத்தாரு.

வேலைக்காரன் வேஷம் இல்லாம அவரைப் பார்க்கணும்னா 1943ல வந்த ‘ஸ்டார்மி வெதர்’ இருக்கு. அதுல நடிக்கிறவங்க எல்லாருமே கிட்டத்தட்ட கறுப்பர்கள்தான், அவர்தான் ஹீரோ. அப்போ அவருக்கு வயசு 65ம்மா, பையன்கிட்ட அதையும் சொல்லுங்க.