ஒரே நாட்டுக்குள் அனுப்பினாலும் வரி ஏன்?

கேள்வி: புதுச்சேரியிலிருந்து வந்து பாரிஸ் புறநகரில் குடியிருக்கிறோம். என் நாத்தனார் இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில் இருக்கிறார். அங்கே விலை அதிகம் என்று சலவை இயந்திரம், தொலைக்காட்சி என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். கடை அட்டைக் கடனில் வாங்கி அனுப்புகிறேன். பொருள் போய்ச் சேர்ந்ததும் வரி ரசீது வருகிறது. "ஒரே நாட்டுக்குள் ஏது வரி? நீ சரியாக எழுதவில்லை" என்று அந்தப் பணத்தையும் என்னிடமே கேட்கிறார். அட்டையில் 2,400 யூரோ நிற்கிறது, வட்டி 20 சதவீதம். இதுபோன்ற பிரான்சின் கடல்கடந்த பகுதிகளில் முதலீடு செய்தால் வருமான வரி குறையும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். அதில் இறங்கலாமா?

பதில்: சகோதரி, உங்கள் நாத்தனார் சொல்வது தவறு. 1946 முதல் ரீயூனியன் பிரான்சின் ஒரு மாவட்டம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்குள்ளும் அது இருக்கிறது. ஆனால் மதிப்புக்கூட்டு வரியைப் பொறுத்தவரை வெளியே நிற்கிறது. பாரிஸில் அந்த வரி 20 சதவீதம், அங்கே 8.5. இதுபோக 'ஒக்த்ருவா தெ மேர்' என்ற கடல் நுழைவு வரியும் உண்டு. பிரான்சிலிருந்தே போனாலும் கட்டியாக வேண்டும். உள்ளூராட்சிகளுக்கு அது முக்கிய வருமானம், தீவின் உற்பத்திக்கும் ஒரு காப்பு. விகிதத்தைப் பிராந்திய மன்றம் பொருளுக்குப் பொருள் வேறாக வைக்கிறது.

உங்கள் சலவை இயந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். கடையில் 600 யூரோ. அதில் 100 யூரோ பாரிஸில் கட்டிய வரி. கப்பல் கூலி 200 என்று வைப்போம். வரி இந்த மொத்தம் 800 மீது விழுகிறது. நுழைவு வரி கணக்குக்காக 10 சதவீதம் என்றால் 80, தீவின் மதிப்புக்கூட்டு வரி 68. ஆக 948 யூரோ. கடனை ஒரு வருடம் இழுத்தால் வட்டி இன்னொரு 120. அதே இயந்திரம் தீவுக் கடையில் 900 யூரோ என்றாலும் அதுதான் மலிவு.

இப்போது நாத்தனாரே தன் பெயரில் வாங்கி, கடை நேராகத் தீவுக்கு அனுப்பினால் அது ஏற்றுமதிக் கணக்கில் வரும். பாரிஸ் வரியைக் கழித்து 500 யூரோவுக்குப் பட்டியல் போடலாம். கூலி, தீவு வரிகள் எல்லாம் சேர்த்துச் சுமார் 830தான். எல்லாக் கடைகளும் தாமாகச் செய்யாது, வாங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். நீங்கள் பாரிஸில் வாங்கிக் கையில் எடுத்த நொடியே அந்த 100 யூரோ போய்விடுகிறது. நடுவில் நீங்கள் நிற்பதால்தான் இரண்டு ஊர் வரியும் விழுகிறது.

'பரிசு' என்று எழுதி மதிப்பைக் குறைத்துக் காட்டலாம் என்ற யோசனை அடுத்து வரும். செய்யாதீர்கள். எப்போதாவது அனுப்பும், விலை பெறாத, மதிப்பு வரம்புக்குள் அடங்கும் பொதிக்குத்தான் அந்தச் சலுகை. சுங்கத்தார் பட்டியலைக் கேட்டால் பொய்யாக எழுதியவர் என்று உங்கள் பெயர்தான் இருக்கும்.

முதலீட்டு விஷயத்தில் எனக்குப் பொறுமையே இல்லை. உங்கள் நண்பர் சொல்வது 'ஜிரார்தான்' என்ற கடல்கடந்த முதலீட்டுத் திட்டமாக இருக்கும். அதில் போடும் பணம் திரும்பி வராது, வரித் தள்ளுபடி மட்டுமே கிடைக்கும். அந்தப் பணத்தில் அங்குள்ள தொழிலுக்காக வாங்கிய இயந்திரம் 5 ஆண்டு அங்கே ஓடவில்லை என்றால் அந்தத் தள்ளுபடியையும் வரித்துறை திரும்பக் கேட்கும். அட்டைக் கடனில் திணறும் குடும்பத்திடம் இதைக் கொண்டுவந்து நீட்டுகிறவரைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

2,400 யூரோவுக்கு வருட வட்டி ஏறக்குறைய 480. குறைந்த வட்டியில் சாதாரணத் தனிநபர் கடன் கிடைத்தால் வாங்கி இதை அடைத்துவிடுங்கள். ஆனால் அடைத்த அன்றே அட்டைக் கணக்கை மூடும்படி எழுதிக் கொடுங்கள். மூடாவிட்டால் அடுத்த தீபாவளிக்குள் இரண்டு கடன் இருக்கும்.

நாத்தனாரிடம் உங்கள் கணவர் பேசட்டும், அவர் தங்கைதானே. "கடை முகவரி தருகிறோம், விலை விசாரித்துச் சொல்கிறோம், பணம் நீ கட்டு" என்று சொன்னால் போதும். கட்டிய வரியைத் திருப்பிக் கேட்டுச் சண்டை போட வேண்டாம். இப்போது வழியில் இருக்கும் பொதிக்கு மட்டும் வரியை நீங்களே கட்டி, இதோடு கடைசி என்று அதே தொலைபேசி அழைப்பில் சொல்லிவிடுங்கள்.