Re: அம்பாசமுத்திரம் வயல், பட்டா மாற்றத்தில் ‘உபரி நிலம்’ என்று வருகிறது

அண்ணாச்சி, தாத்தா 1974-ல் கிரயம் வாங்கிய வயல், அ-பதிவேட்டில் (கிராமத்தின் நிலப் பதிவேடு) ‘உபரி நிலம்’ என்று இருக்கிறது, பட்டா மாற்றக் கேட்டால் தாசில்தார் கைவிரிக்கிறார் என்கிறீர்கள். அவர் தட்டிக்கழிக்கவில்லை, அது அவர் கையில் இல்லை. தாலுகா ஆபீஸ் வருவாய்த் துறை. நில உச்சவரம்பு, அதாவது ஒரு குடும்பம் இவ்வளவு நிலம்தான் வைத்திருக்கலாம் என்ற வரம்பு; அதற்கு மேல் இருப்பதுதான் உபரி. அந்த வேலைக்கு நிலச் சீர்திருத்தத் துறை தனி. மேலே சென்னை சேப்பாக்கம் எழிலகத்தில் ஆணையர். அவருக்குக் கீழே உதவி ஆணையர்கள். 1961 நில உச்சவரம்புச் சட்டப்படி உபரியைக் கணக்கிட்டு உத்தரவு போட்டவர்கள் இவர்கள்தான். உங்கள் பகுதிக்கு யார் என்று கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் கேளுங்கள்.

வில்லங்கச் சான்று (பத்திரப் பதிவுகளைக் காட்டும் சான்று) சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். 1970-ல் உச்சவரம்பு 30 தர ஏக்கரிலிருந்து (தீர்வை எனும் நிலவரியை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) 15 ஆகக் குறைந்தது. தாமிரபரணிப் பாசன நன்செய்க்குத் தீர்வை அதிகம், அதனால் தர ஏக்கர் சீக்கிரம் நிரம்பிவிடும். பெரிய பண்ணைகள் பல அப்போது அவசரமாகக் கைமாறின. உங்கள் தாத்தாவுக்கு விற்றவர் அப்படிப்பட்ட பண்ணைக்காரரா என்று பாருங்கள்!

முதல் வேலை: அந்த சர்வே எண்ணுக்கு அந்தச் சட்டத்தின் 18(1) பிரிவு அறிவிப்பு (உபரி நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளும் அறிவிப்பு) அரசிதழில் வந்ததா, எந்தத் தேதியில் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, கோப்பு நகலும் வாங்குங்கள். வந்திருந்தால் நிலம் அன்றே அரசுக்குப் போய்விட்டது. அறிவிப்பே இல்லையென்றால் உதவி ஆணையரிடம் மனு கொடுக்கலாம். அதற்கு முன் வக்கீலுக்குக் காசு கொடுக்காதீர்கள்.