கையில் காசு, கடையில் அரிசி இல்லை

கேள்வி: இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தாத்தாவுக்கு அருவங்காடு கார்டைட் (வெடிமருந்து) ஃபேக்டரியில் வேலை. சம்பளம் ஒழுங்காக வந்ததாம், ஆனாலும் வீட்டில் அரிசி இல்லை என்கிறார் பாட்டி. அது எப்படி? (வாசகி, குன்னூர்)

பதில்: பாட்டி சொல்வது உண்மைதான். வேலை கொடுத்ததும் போர்தான், சோற்றைப் பிடுங்கியதும் போர்தான். குன்னூர், ஊட்டிப் பக்கம் நெல் ஏது? மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வந்தால்தான் அரிசி. மெட்ராஸ் மாகாணமோ பர்மா அரிசியை நம்பியிருந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனதும் அந்த வரத்து நின்றது. இருந்ததைக் கொண்டுவரவும் வழியில்லை, ரயில் வேகன்களில் ராணுவச் சரக்குக்கே முதலிடம். பெட்ரோலுக்கும் ரேஷன் என்பதால் பஸ்களின் பின்னால் கரி உலை பொருத்தினார்கள், கையால் விசிறியைச் சுற்றிக் கரியைக் கனலவைத்து, வாயு வந்த பிறகுதான் வண்டி கிளம்பும். அதில் மலையேறுவதை நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் காசு விஷயம். பிரிட்டிஷ் அரசு போருக்காக இங்கே வாங்கியதில் பெரும்பகுதிக்கு லண்டனில் பவுண்டாக வரவு வைத்தது, அந்த வரவைக் காட்டி இங்கே நோட்டு அச்சடித்தார்கள். 1939-க்கும் 1945-க்கும் இடையில் புழக்கத்திலிருந்த நோட்டு ஐந்து மடங்குக்கு மேல் பெருகியது, சரக்கு அப்படிப் பெருகவில்லை, அப்புறம் விலை ஏறாமல் என்ன செய்யும்? பதுக்கி வைக்க முடிந்தவர்கள் சம்பாதித்தார்கள். நாள்கூலிக்காரர்களுக்கு அந்த வழி இல்லை. போர்ச் செலவை அவர்கள் வயிற்றிலிருந்து எடுத்தார்கள் என்றே நான் சொல்வேன். 1943-ல் வங்காளத்தில் சுமார் 30 லட்சம் பேர் செத்ததற்கும் இந்த விலையேற்றம் ஒரு முக்கியக் காரணம்.

கேள்வி: நடுவட்டம் சிங்கோனா தோட்டத்துக்கும் போருக்கும் சம்பந்தம் உண்டா? (வாசகர், கூடலூர்)

பதில்: நிறையவே. மலேரியாவுக்கு அன்று சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுத்த கொயினாதான் மருந்து, உலகத் தேவையில் பத்தில் ஒன்பது பங்கு ஜாவாவிலிருந்து வந்தது. 1942-ல் ஜாவாவும் ஜப்பானிடம் போய்விட, 1860-களிலிருந்து நீலகிரியில் வளர்ந்த அரசு சிங்கோனாவுக்குத் திடீர் மவுசு. பர்மா எல்லையில் படைவீரர்களைக் குண்டைவிடக் காய்ச்சல்தான் அதிகம் படுக்கவைத்தது, அதனால் மருந்தில் அவர்களுக்கே முன்னுரிமை. கிராமத்தில் காய்ச்சலில் கிடந்தவர்களுக்குத் தட்டுப்பாடு. அந்தத் தட்டுப்பாட்டிலேயே செயற்கை மருந்துகள் வேகமாகப் பரவின, போர் முடிந்தபின் சிங்கோனா பட்டைக்குப் பழைய கிராக்கி திரும்பவே இல்லை.