வினிகர் வாடை அடிக்கும் படச்சுருள்கள்: ஓட்டலாமா?

தியேட்டர் டிஜிட்டலுக்கு மாறியபோது அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்த 35 மி.மீ. சுருள்களில் வினிகர் வாடை அடிக்கிறது, பழைய புரொஜெக்டரில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து ஓட்டாதீர்கள். அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன பிலிம் சிதைந்து அசிட்டிக் அமிலம் வெளிவருவதால்தான் அந்த வாடை. பிலிம் சுருங்கியிருந்தால் ஓரத் துளைகள் பல்சக்கரத்தில் பொருந்தாமல் கிழிந்துவிடும்.

முதலில் வாடை அடிப்பவற்றைத் தனியே பிரித்து வையுங்கள். அந்த ஆவி பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். பரண் வேண்டவே வேண்டாம், வெக்கை அங்கேதான் அதிகம். குளிர்ச்சியான, ஈரமில்லாத, காற்றோட்டமுள்ள இடம் பாருங்கள். சிதைவு நிற்காது, வேகம் குறையும். அப்புறம் புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். நெகட்டிவ் (பிரதிகள் எடுக்கும் மூலச் சுருள்) அழிந்துபோன படம் என்றால், உங்களிடம் இருப்பதே கடைசிப் பிரதியாகவும் இருக்கலாம். பெட்டி மேல் ஒட்டிய சீட்டுகளைக் கிழித்துவிடாதீர்கள்.