முகவாய் ஆபரேஷன்: வலிக்குமா, எத்தனை நாளில் சரியாகும்?

கேட்டவருக்கு 22 வயது. பக்கவாட்டில் முகவாய் உள்ளே போனமாதிரி தெரிகிறது, ஆபரேஷன் செய்தால் வலிக்குமா, எத்தனை நாளில் சரியாகும் என்று கேட்டிருக்கிறார். முகவாய் எலும்பை அறுத்து முன்னே நகர்த்துகிற ஆபரேஷனை நான் 2019இல் செய்துகொண்டவன், அப்போது எனக்கு 28 வயது. பள்ளியில் தமிழ் நடத்துகிறேன், அதனால் மே மாத விடுமுறையாகப் பார்த்துத் தேதி வாங்கினேன். காலேஜ் நாளிலிருந்து தாடியை வைத்து மறைத்துக்கொண்டிருந்த முகவாய் அது.

வலியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், எனக்கு மாத்திரையிலேயே அடங்கிவிட்டது. நீங்கள் தயாராக வேண்டியது மரத்துப்போவதற்கு. கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தருகிற நரம்பு, தாடை எலும்பில் இரண்டு பக்கமும் இருக்கிற ஒரு சின்னத் துளை வழியாக வெளியே வருகிறது. எலும்பை அதற்குச் சற்றுக் கீழேதான் அறுக்கிறார்கள். நரம்பு அறுபடாவிட்டாலும் வேலை நடக்கும்போது இழுபடும், பிறகு வீக்கத்தில் அழுந்தும். ஒப்புதல் படிவத்தில் இதைப் பற்றி ஒரு வரி இருந்தது, நான் அதை வாசிக்காமலே கையெழுத்துப் போட்டேன். டாக்டரும் “கொஞ்ச நாள் மரத்திருக்கும்” என்றதோடு விட்டுவிட்டார். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

நான்காவது நாள் வீட்டில் மோர் குடித்துக்கொண்டிருந்தேன். டம்ளரைக் கீழே வைத்தபிறகு அம்மா ஒன்றும் சொல்லாமல் முந்தானையால் என் முகவாயைத் துடைத்தார். மோர் வழிந்து சட்டைக் காலர் வரைக்கும் நனைந்திருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. அம்மாவின் கை பட்டதுகூட கண்ணால் பார்த்துத்தான் தெரிந்தது. அன்றைக்குத்தான் நிஜமாகப் பயந்தேன். அதன்பிறகு டீயை ஆற வைத்து, விரலால் சூடு பார்த்துவிட்டுத்தான் குடித்தேன், ஏனென்றால் மரத்த உதடு சுட்டாலும் சொல்லாது. ஷேவ் செய்யும்போதும் அப்படித்தான், ரத்தம் கண்ணாடியில் தெரிந்தால்தான் வெட்டியது தெரியும்.

இரண்டு மாதம் கழித்து உதட்டோரம் எறும்பு ஊர்கிற மாதிரி ஆரம்பித்தது, நடுவில் சுருக் சுருக்கென்று குத்தும். நரம்பு திரும்பி வருகிறது, நல்ல அறிகுறி என்றார் டாக்டர். இடது பக்கம் நான்கு மாதத்தில் முழுதாக வந்துவிட்டது. வலது பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடம் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது, இனி வராது என்றே நினைக்கிறேன். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ வந்துவிடும், சிலருக்கு என்னை மாதிரி கொஞ்சம் நின்றுவிடும். அந்தச் சிலரில் ஒருவராக இருந்தாலும் பரவாயில்லையா என்று முதலில் உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, எந்த ஆபரேஷன் என்பதற்கு வருகிறேன். முகவாயை முன்னே கொண்டுவர இரண்டு முக்கிய வழிகள். ஒன்று, எலும்பின் மேல் சிலிக்கோன் மாதிரியான ஒரு துண்டை வைப்பது, இதை இம்பிளான்ட் என்பார்கள். வாய்க்குள்ளிருந்தோ முகவாய்க்கு அடியில் சின்னதாகக் கீறியோ வைக்கலாம், நேரமும் குறைவு. ஆனால் வெளிப்பொருள் என்பதால் சீழ் பிடிக்கலாம், இடம் நகரலாம், வருடக்கணக்கில் அழுந்தி அடியில் இருக்கிற எலும்பைக் கொஞ்சம் தேய்க்கவும் செய்யலாம். இன்னொன்று நான் செய்துகொண்டது, ஜீனியோபிளாஸ்டி: கீழுதட்டுக்கு உள்பக்கம் கீறி, முகவாய் எலும்பைக் குறுக்காக அறுத்து முன்னே நகர்த்தி, டைட்டானியம் தகடும் திருகும் போட்டு நிறுத்துகிறார்கள். வெளியே தழும்பே இல்லை, பொதுவாக முழு மயக்கம் கொடுப்பார்கள். எனக்கு 6 மில்லிமீட்டர் நகர்த்தினார்கள். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், முகத்தில் அது நிறைய.

தோலுக்கு அடியில் மருந்தை நிரப்பி முகவாயைப் பெரிதாகக் காட்டுகிற ஃபில்லர் ஊசியும் உண்டு, அது ஏறக்குறைய ஒரு வருடத்தில் கரைந்துவிடும். எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ள உதவும், ஆனால் ஊசி மருந்து ரத்தக்குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம், அபூர்வமாகப் பார்வையே போகலாம். பியூட்டி பார்லரில் போட்டுக்கொள்கிற சமாச்சாரம் இல்லை அது.

இதற்கெல்லாம் முன்னால் உங்கள் கடி, அதாவது வாயை மூடும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்துகிற விதம், சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மேல்பல் கீழ்ப்பல்லுக்கு ரொம்ப முன்னால் நிற்கிறது என்றால் சின்னதாக இருப்பது முகவாய் மட்டும் இல்லாமல் கீழ்த்தாடை முழுவதுமாக இருக்கலாம். அப்படியானால் பல்லுக்குக் கிளிப் போட்டு, தாடையையே நகர்த்துகிற வேறு ஆபரேஷன் தேவைப்படலாம். முகவாயை மட்டும் இழுத்தால் வெளித்தோற்றம் மாறும், கடி அப்படியேதான் இருக்கும். பக்கவாட்டில் தலை முழுவதும் தெரிகிற ஒரு எக்ஸ்ரே எடுத்தால் இது தெரிந்துவிடும். அதை எடுக்காமலே தேதி கொடுக்கிற இடமாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். முகத்தாடை அறுவை சிகிச்சையில் எம்.டி.எஸ். முடித்தவரோ, பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஹெச். முடித்தவரோதான் கத்தி வைக்க வேண்டும்.

முதல் வாரம் எப்படி இருக்கும் என்றால், வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போகும். முகவாயில் பிளாஸ்டர் ஒட்டியிருப்பார்கள். ரத்தம் கட்டிய நீலம் கழுத்துக்கு இறங்கி மஞ்சளாகும். கஞ்சி, குழைத்த பருப்புச் சாதம், இட்லியை ரசத்தில் ஊறவைத்து, இப்படியே ஓடும். ஒவ்வொரு வேளைக்கும் பிறகு வாய் கொப்பளித்தே ஆக வேண்டும், தையல் உள்ளே இருக்கிறது. சிகரெட் பழக்கம் இருந்தால் சில வாரம் முன்பே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் புண் ஆற நாளாகும். பிளாஸ்டரைப் பிரித்த அன்று கண்ணாடியில் முகவாய் பூதாகாரமாகத் தெரிந்தது, இது என் முகமே இல்லை என்று இரண்டு ராத்திரி தூங்கவில்லை. அது வீக்கம்தான். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பகுதி இறங்கிவிடும், மிச்சம் இறங்க மூன்று மாதத்துக்கு மேல் ஆகும், அதுவரைக்கும் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

பேச்சும் மாறும். உதட்டுத் தசை விறைத்திருப்பதால் ப, ம, வ மூன்றும் சரியாக வராது. அம்மா, அப்பா என்று சொல்லவே மெனக்கெட வேண்டியிருந்தது. ஜூனில் பள்ளி திறந்தபோது வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட ஒரு வாரம் தடுமாறினேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் “சார், பல் பிடுங்கினீங்களா?” என்று கேட்டான். முகம் மாறியதை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை, தாடி எங்கே சார் என்றுதான் கேட்டார்கள்.

பணம் முழுக்கக் கையிலிருந்துதான் போகும். அழகுக்காகச் செய்வதைக் காப்பீட்டு பாலிசிகள் ஏற்பதில்லை, ஜி.எஸ்.டி.யும் சேரும். பிறவிக் குறை, விபத்து என்றால் கணக்கு வேறு.

இன்னொன்று, நீங்கள் செல்ஃபி பார்த்து இதைக் கேட்கிறீர்களா? கை தூரத்தில் எடுக்கிற படத்தில் மூக்கு பெரிதாகவும் முகவாய் சின்னதாகவும்தான் விழும். ஐந்தாறு அடி தள்ளி நின்று யாரையாவது பக்கவாட்டில் எடுக்கச் சொல்லிப் பாருங்கள், வாயை இயல்பாக மூடிக்கொண்டு. அதிலும் அப்படியே தெரிந்தால் எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்து டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.