புறக்கடைக் கோழிக்குச் சோறா, தீவனமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பாலக்கோட்டை அடுத்த ஒரு கொட்டாயில் எட்டுச் சிறுவிடைப் (சிறிய உடல்வாகுள்ள நாட்டுக்கோழி) பெட்டைகளும் ஒரு சேவலும் வளர்க்கிறேன். காலையில் கூட்டைத் திறந்ததும் முதல்நாள் மிஞ்சிய சோற்றையும் களியையும் போடுவேன். விலை இல்லாத நாட்களில் தோட்டத்துத் தக்காளியையும் கொட்டுவதுண்டு. ஒரு மாதமாக முட்டை குறைந்துவிட்டது. ஓடும் மெல்லியதாக இருக்கிறது. இரண்டு முறை ஓடே இல்லாத தோல்முட்டை கிடந்தது. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்கிறார்கள். அப்படியிருக்க, களி தின்னும் கோழிக்கு ஏன் இந்தக் குறை? கடைத் தீவனத்துக்கே மாறிவிட வேண்டுமா?
- ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: கேழ்வரகைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். நாம் அன்றாடம் சமைக்கும் தானியங்களில் சுண்ணாம்புச் சத்தில் அதற்கு நிகரானது வேறில்லை. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு முட்டையின் ஓட்டுக்காகக் கோழி தன் உடலிலிருந்து கொடுப்பது ஒன்றரை முதல் இரண்டு கிராம். நாள் முழுவதும் 100 கிராம் கேழ்வரகையே தின்றாலும் அந்தத் தேவையில் நான்கில் ஒரு பங்குகூடத் தேறாது. களியிலோ மாவைவிடத் தண்ணீரே அதிகம். மீதியைக் கோழி தன் எலும்பிலிருந்து கரைத்துத்தான் முட்டைக்குத் தருகிறது. அந்த இருப்பும் குறையும்போது ஓடு மெலிந்து, கடைசியில் தோல்முட்டையாக வந்து விழுகிறது. ஆகவே இப்போதே கவனிக்க வேண்டும்.

இதற்கு மருந்து எளியது. நொறுக்கிய கிளிஞ்சலைத் தீவனத்தில் கலக்காமல், தனியே ஒரு சிரட்டையிலோ மண்சட்டியிலோ கூட்டின் ஓரத்தில் வைத்துவிடுங்கள். முட்டையிடும் பெட்டை தன் தேவைக்கு ஏற்பத் தானே கொத்திக்கொள்ளும். சேவல் அதைப் பெரும்பாலும் தொடாது. மாவாக அரைத்ததைவிட அரிசிக் குருணை அளவுக்கு நொறுக்கியதே நல்லது. ஓடு உருவாகச் சுமார் 20 மணி நேரம் ஆகிறது, அதில் பெரும்பகுதி கோழி கூட்டில் அடைந்திருக்கும் இரவில் நடக்கிறது. மாலையில் தின்ற கிளிஞ்சல் துண்டுகள், தின்றதை அரைக்கும் உறுப்பான அரைவைப்பையில் தங்கி, இரவு முழுவதும் சிறிது சிறிதாகக் கரைந்து உதவுகின்றன. அதனால் சட்டி பகலில் காலியாகக் கிடந்தாலும், பொழுது சாயும் நேரத்தில் அதில் கிளிஞ்சல் இருந்தாக வேண்டும்.

முட்டை குறைந்ததற்குச் சோறு காரணமா என்றால், சோற்றைக் காட்டிலும் அதைப் போடும் நேரமே காரணம் என்பேன். வெந்த சோறு 100 கிராமில் புரதம் மூன்று கிராமைத் தாண்டாது. அதே அளவு முட்டைக்கோழித் தீவனத்தில் 16 கிராம் வரை இருக்கும். ஒரு நாட்டுக்கோழி முட்டைக்குள்ளேயே ஐந்து கிராம் புரதம் இருக்கிறது. கோழி தன் உடம்பையும் காத்துக்கொண்டு இதையும் தர வேண்டும். இரவெல்லாம் பசித்திருந்து காலையில் வெளியே வரும் கோழி, கண்ணில் படும் முதல் உணவால் வயிற்றை நிரப்பிக்கொள்கிறது. நீங்கள் போடும் சோறும் களியும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால், அதன் பிறகு தீவனம் வைத்தாலும் தின்னாது. பூச்சி தேடி மேயவும் முன்போல் போகாது. உங்கள் கோழிகளில் ஒன்றை நாளைக் காலை ஒன்பது மணிக்குப் பிடித்து, கழுத்தடியில் உள்ள இரைப்பையை விரலால் மெல்ல அமுக்கிப் பாருங்கள். தானியம் தின்ற கோழியாக இருந்தால் சிறு மணிகள் நெருடும். சோறு தின்ற கோழியின் இரைப்பை பிசைந்த மாவுருண்டை போலக் குழைந்திருக்கும். மறுநாள் விடியலில் அது காலியாகாமல் புளித்த வாடை வீசினால், உடனே சோற்றை நிறுத்திவிடுங்கள்.

எனவே முறையை மட்டும் மாற்றுங்கள். காலையில் முதல் உணவு தீவனமாகவே இருக்கட்டும். கொல்லையில் மேய்ந்து திரியும் சிறுவிடைக்கு 40 முதல் 50 கிராம் போதும். எட்டுப் பெட்டைக்கும் சேவலுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 400 கிராமுக்குச் சற்றே கூடுதலாக வைத்தால் சரியாக இருக்கும். மழை நாளிலோ நாய்த் தொல்லையாலோ அடைத்தே வைத்திருந்தால் அந்த அளவை இரட்டிப்பாக்குங்கள். சமையலறை மிச்சம் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் போகட்டும். கால் மணி நேரத்தில் தின்று தீர்க்கும் அளவே சரியான அளவு. மிஞ்சியதை அன்று மாலையே அள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் எலியும், எலியைத் தேடிப் பாம்பும் வரும். முழுவதுமாகக் கடைத் தீவனத்துக்கு மாற வேண்டியதில்லை. கீரைத் தண்டு, முட்டைக்கோஸ் இலை, பூசணி விதை, தர்பூசணித் தோல் ஆகியவற்றை வீணாக்குவது எனக்கும் மனம் ஒப்பாத காரியமே.

பழுத்த தக்காளி கெடுதல் செய்யாது. ஆனால் அதில் நூற்றுக்கு 94 பங்கு தண்ணீர். கூடை கூடையாகக் கொட்டினால் எச்சம் நீர்த்துப்போகும், தீவனம் தின்பதும் குறையும். கோழிக்கு ஒரு பழம் என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செடியின் இலை, தண்டு, பச்சைக்காய் ஆகியவற்றில் நச்சு உண்டு. அவற்றைப் போட வேண்டாம். முளைவிட்டுப் பச்சை பூத்த உருளைக்கிழங்குத் தோலுக்கும் இதுவே பொருந்தும்.

குழம்பு ஊற்றிப் பிசைந்த சோற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோழியின் தீவனத்தில் உப்பு நூற்றுக்கு அரைப் பங்கைத் தாண்டக் கூடாது. ஊறுகாய், அப்பளம், உப்புக் கருவாடு, வற்றல் ஆகியவற்றின் மிச்சத்தைத் தின்ற கோழி ஓயாமல் தண்ணீர் குடிக்கும், தண்ணீராகக் கழியும், சில சமயம் இறந்தும் போகும். குழம்புச் சோற்றைத் தண்ணீரில் அலசிப் பிழிந்து போடுங்கள். ஊறுகாயைக் குப்பைக்கே அனுப்புங்கள்.

ஒன்றை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சிறுவிடைப் பெட்டை 12 முதல் 15 முட்டைகள் இட்டதும் அடைக்கு உட்காருவது அதன் இயல்பு. இறகு உதிர்க்கும் காலத்திலும் இடாது. எட்டில் மூன்று அடையில் இருந்தால், முட்டை குறைந்ததற்குத் தீவனத்தின் மேல் பழி போட முடியாது. மெல்லிய ஓட்டுக்கு மட்டும் அந்தச் சமாதானம் செல்லாது.

கேள்வி: எங்கள் பகுதியில் மரவள்ளித் திப்பி (கிழங்கிலிருந்து மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கை) மலிவாகக் கிடைக்கிறது. கிழங்குத் தோலும் நிறையச் சேர்கிறது. இரண்டையும் கோழிக்குப் போடலாமா?
- ஒரு வாசகர், பாப்பிரெட்டிப்பட்டி

பதில்: பச்சைத் தோலைப் போடாதீர்கள். மரவள்ளியின் சயனைடு நச்சு சதைப்பகுதியைவிடத் தோலிலும் இலையிலும்தான் அதிகம். நறுக்கி நல்ல வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்தால் பெருமளவு நீங்கும். எனினும், சின்னக் குஞ்சுகள் திரியும் வீட்டில் நான் அந்த வேலைக்கே போகமாட்டேன். காய்ந்த திப்பியை மொத்தத் தீவனத்தில் பத்தில் ஒரு பங்குவரை கலக்கலாம். அது வயிற்றை நிரப்பும், மாவுச் சத்தும் தரும். புரதம் அதில் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வரப்பில் ஆமணக்கு இருந்தால் அதன் கொட்டை கோழிகள் நடமாடும் இடத்தில் உதிராமல் பார்த்துக்கொள்வது அதைவிட முக்கியம். அது கொடிய நஞ்சு.

கேள்வி: வீட்டிலேயே தீவனம் கலக்க விரும்புகிறேன். சோளமும் கடலைப் புண்ணாக்கும் சொந்தமாக இருக்கின்றன. போன மழைக்காலத்தில் புண்ணாக்கில் லேசாகப் பூஞ்சணம் பிடித்தது. வெயிலில் காயவைத்துப் போட்டேன். ஆறு குஞ்சுகள் இறந்துவிட்டன. காரணம் அதுதானா?
- ஒரு வாசகர், அரூர்

பதில்: குஞ்சுகளைப் பரிசோதிக்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் சந்தேகப்பட வேண்டிய முதல் பொருள் அந்தப் புண்ணாக்குதான். கடலையிலும் மக்காச்சோளத்திலும் வளரும் பூஞ்சணம் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. இங்கிலாந்தில் 1960-ஆம் ஆண்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தபோதுதான், தீவனத்தில் சேர்த்த கடலைப் புண்ணாக்கின் வழியே இந்த நஞ்சு உலகுக்குத் தெரியவந்தது. வெயில் பூஞ்சணத்தைக் காயவைக்கும். அது விட்டுச்சென்ற நஞ்சை முற்றிலும் அழிக்காது. வேகவைத்தாலும் போகாது. கல்லீரலைத் தாக்கும் இந்த நஞ்சைக் குஞ்சுகளால் சிறிதும் தாங்க முடியாது. பூஞ்சணம் கண்ட புண்ணாக்கை, ஊசிப்போன இட்லியை, பச்சை பூத்த ரொட்டியைக் கோழிக்கு மட்டுமல்ல, மாட்டுக்கும் வைக்காமல் குழியில் புதைத்துவிடுங்கள். உங்கள் இழப்பு எனக்கு வருத்தம் தருகிறது. பூஞ்சணத்தை வெயிலில் போட்டால் சரியாகிவிடும் என்று நம்மில் பலரும் நம்பித்தான் வந்திருக்கிறோம்.

முட்டையிடும் நாட்டுக்கோழிக்குப் பத்து கிலோ கலவை இப்படி இருக்கலாம்: உடைத்த மக்காச்சோளம் 4 கிலோ, கேழ்வரகு அல்லது கம்பு ஒன்றரை கிலோ, அரிசித் தவிடு 1,200 கிராம், பூஞ்சணம் இல்லாத கடலைப் புண்ணாக்கு 2 கிலோ, உப்பிடாத உலர்மீன் தூள் அரை கிலோ, கிளிஞ்சல் 600 கிராம், கோழிகளுக்கென்றே விற்கும் தாது உப்புக் கலவை 200 கிராம். தாது உப்புப் பையில் சமையல் உப்பு சேர்க்கப்படவில்லை என்று இருந்தால் மட்டும் 30 கிராம் தூள் உப்பு சேருங்கள். இதில் புரதம் நூற்றுக்கு 16 பங்கு அளவில் அமையும். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருப்பு வேண்டாம்.

கேள்வி: தாய்க்கோழியும் குஞ்சுகளும் ஒரே தட்டில் முட்டைக்கோழித் தீவனம் தின்கின்றன. பரவாயில்லையா?
- ஒரு வாசகி, ஓசூர்

பதில்: பரவாயில்லை என்று சொல்ல முடியவில்லை. கடையில் விற்கும் முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து நூற்றுக்கு மூன்றரை பங்குக்கு மேல் இருக்கும். குஞ்சுக்கு ஒரு பங்கே போதும். மிகுதி, வளரும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். குஞ்சுத் தீவனத்தையே எல்லோருக்கும் பொதுவாக வைத்து, தாய்க்கு மட்டும் கிளிஞ்சலை உயரமான இடத்தில் வைப்பது எளிய வழி. அல்லது குஞ்சு மட்டும் நுழையும் இடைவெளி விட்டுப் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, அதற்குள் குஞ்சுத் தீவனத்தை வையுங்கள்.

இத்துடன் கரையானும் கொடுங்கள். குஞ்சுக்கு அதைப்போன்ற புரத உணவு நம் மண்ணில் வேறில்லை. பழைய மண்பானையில் கிழிந்த கோணிச் சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத் துண்டு, சோளத்தட்டை ஆகியவற்றைத் திணித்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டமுள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். காலையில் நிமிர்த்தினால் வெள்ளை வெள்ளையாக அப்பியிருக்கும். குஞ்சுகளின் முன் தட்டிவிட்டால் சில நிமிடங்களில் ஒன்று மிஞ்சாது. கரையான் மருந்து அடித்த வீட்டுச் சுவர் ஓரத்திலோ, பூச்சிமருந்து தெளித்த தோட்டத்திலோ மட்டும் பானையை வைத்துவிடாதீர்கள்.

கேள்வி: முட்டை ஓட்டைக் கோழிக்கே போட்டால் முட்டையைக் கொத்தித் தின்னப் பழகிவிடும் என்கிறார்களே?
- ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: பாதி ஓடாக அப்படியே எறிந்தால் பழகக்கூடும். கழுவி, வாணலியில் வறுத்து, முட்டையென்று அடையாளம் தெரியாத அளவுக்கு நொறுக்கிப் போடுங்கள்.