முகட்டுப் பாதையில் நடக்கலாமா? வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்குச் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் மலையேற்றம் பற்றியவைதான் அதிகம். பள்ளி விடுமுறை நெருங்குகிறது, வெளிநாட்டுப் பயணத்துக்குப் பணம் சேர்த்தவர்களும் இருக்கிறார்கள் போலத் தெரிகிறது. அதனால் இந்த முறை முழுக்க மலைதான்.

அண்ணே, நான் செம்பனை ஆலையில் வேலை செய்கிறேன். கூட்டாளிகளோடு கோர்பு மலை ஏறியிருக்கிறேன். சுவிட்சர்லாந்தில் இருக்கும் மாமா மகன் ஜூலையில் வரச் சொல்கிறான். இன்டர்லாக்கன் பக்கத்தில் ஏரிக்கு மேலே புல் முகட்டிலேயே நாள் முழுக்க நடக்கலாமாம், வீடியோ அனுப்பினான். கோர்பு ஏறினவனுக்கு அது கஷ்டமா?
ஆலைத் தொழிலாளர், சுங்கை சிப்புட்

தம்பி, கோர்பு ஏறியவன் என்றால் கால் பலத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. 2183 மீட்டர், தீபகற்பத்தில் தாஹான் மலைக்கு அடுத்த உயரம் அது. மூட்டையைச் சுமந்துகொண்டு அந்தச் சேற்றிலும் வேரிலும் ஏறி இறங்குகிறவனுக்கு ஆல்ப்ஸ் பாதையின் தூரம் பெரிய விஷயமே இல்லை. ஆனால் நம் முகடுகள், அதாவது மலையின் மேலே நீளமாக ஓடும் உச்சிக்கோடுகள், எல்லாம் காட்டுக்குள் இருக்கின்றன. இரண்டு பக்கமும் சரிவு இருந்தாலும் மரமும் பாசியும் மறைத்துவிடுகின்றன, வழுக்கினாலும் ஏதாவது ஒரு வேர் கைக்கு அகப்படும். ஆல்ப்ஸில் ஏறக்குறைய 2000 மீட்டருக்கு மேல் மரம் நின்றுவிடும். அப்புறம் புல், அதற்கும் மேலே வெறும் பாறை. சில இடங்களில் பாதை ஒரு அடி அகலம்தான், இடது பக்கமும் பள்ளம், வலது பக்கமும் பள்ளம், பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. கால் நன்றாகவே நடக்கும், மனசுதான் நடுங்கும், மனசு நடுங்கினால் கொஞ்ச நேரத்தில் காலும் சேர்ந்து நடுங்கும். இதைக் கோர்பு உனக்குக் கற்றுத் தந்திருக்காது.

நீ சொல்வதைப் பார்த்தால் அது ஹார்டர்கிராட் முகடாக இருக்க வேண்டும். இன்டர்லாக்கனுக்கு மேலே ஹார்டர் குல்மில் தொடங்கி, பிரீன்ஸ் ஏரியைக் கீழே பார்த்துக்கொண்டே, பிரீன்சர் ரோட்ஹார்ன் வரை போகும். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஆனாலும் முதல் தடவைக்கு அது வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்வேன். புல் காய்ந்திருந்தால்தான் அதில் நடக்கவே முடியும். ஒரு மழை பெய்துவிட்டால் அந்தச் செங்குத்துப் புல்லில் சப்பாத்து நிற்காது, விழுந்தால் எங்கேயும் தடுத்து நிற்கவும் மாட்டோம். மேலே தண்ணீர் கிடைக்காது, நடுவில் பாதுகாப்பாக இறங்கிவிடும் வழிகள் மிகக் குறைவு. ரோட்ஹார்ன் உச்சியிலிருந்து பிரீன்ஸுக்கு 1892இல் திறந்த பல்சக்கர ரயில் இருக்கிறது, கடைசி வண்டியைத் தவறவிட்டால் களைத்துப்போன காலோடு 1600 மீட்டருக்கு மேல் நடந்தே இறங்க வேண்டும். முகட்டுப் பாதை என்றாலே இதுதான் சிக்கல்: சாதாரண மலையில் களைத்துப்போனால் வந்த வழியே கீழே போகலாம், முகட்டில் பாதி தூரம் போய்விட்டால் முன்னும் பின்னும் ஒரே தூரம், பக்கவாட்டில் வழியே இல்லை. அதனால் எந்த இடத்தில், எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதைக் கிளம்புவதற்கு முன்பே, பசியாறும்போதே பேசி முடித்துவிட வேண்டும். அங்கே போய் நின்றுகொண்டு முடிவு செய்தால் ஆசைதான் ஜெயிக்கும்.

அதற்குப் பதிலாக மாமா மகனிடம் ஷீனிகே பிளாட்டே என்று சொல். அதே இன்டர்லாக்கன் பக்கம்தான். 1893இல் திறந்த பல்சக்கர ரயில் உன்னை ஏறக்குறைய 2000 மீட்டரில் இறக்கிவிடும். அங்கிருந்து 2681 மீட்டர் ஃபவுல்ஹார்ன் உச்சி வழியாக ஃபர்ஸ்ட் என்ற இடம் வரை நடந்து, கேபிள் காரில் கிரிண்டல்வால்டுக்கு இறங்கலாம். ஆறு மணி நேர நடை. ஐகர், மோன்க், யுங்ஃபிராவ் என்ற மூன்று சிகரங்களும் எதிரிலேயே நிற்கும். ஜூலைத் தொடக்கத்தில் சில இடங்களில் பழைய பனி கிடக்கும், முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பாதைக் குறிகளையும் தெரிந்துகொள். வெறும் மஞ்சள் என்றால் சாதாரண நடைபாதை. வெள்ளை சிவப்பு வெள்ளைக் கோடு என்றால் மலைப்பாதை, செங்குத்தும் ஒடுக்கமும் இருக்கும், தலைசுற்றல் உள்ளவர்களுக்கு ஆகாது. வெள்ளை நீலம் வெள்ளை என்றால் ஆல்பைன் பாதை, பாறையில் கை வைத்து ஏறவும் பனியைக் கடக்கவும் வேண்டிவரும், நீ அந்தப் பக்கமே போகாதே. பலகையில் போட்டிருக்கும் நேரத்தில் ஓய்வு சேராது, சாப்பாடும் படம் எடுப்பதும் உன் கணக்கு.

தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போட்டுக்கொள்ளும் கறுப்பு ரப்பர் சப்பாத்தைத்தான் இங்கே எல்லா மலைக்கும் போடுகிறேன். கம்போங் அடிடாஸ் என்று சொல்வார்களே, அதுதான். அங்கேயும் அதுவே போதுமா?
முன்னாள் தோட்டத் தொழிலாளியின் மகன், சுங்கை சிப்புட்

நம் காட்டுக்கு அதை மிஞ்சிய சப்பாத்து இல்லை. அடியில் உள்ள குமிழ்கள் சேற்றைக் கவ்வும், உள்ளே போன தண்ணீர் சீக்கிரம் வெளியேறும், விலையும் மலிவு. போர்ட்டர்கள் அதைப் போட்டுக்கொண்டு பெரிய மூட்டையோடு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

ஆல்ப்ஸ் முகட்டில் அது ஆகாது. அடிப்பாகம் வளைவதால் பாறையின் சின்ன விளிம்பில் கால் நுனியை வைத்து நிற்க முடியாது. கூரான கற்களில் பல மணி நேரம் நடந்தால் பாதம் நொந்துபோகும். குளிரைத் தடுக்காது, கணுக்காலைப் பிடிக்காது, பனியில் வழுக்காமல் இருக்கச் சப்பாத்தின் அடியில் கட்டும் பனி முள்ளை மாட்டவும் முடியாது. அடி கெட்டியான, கணுக்கால் வரை வரும் மலைச் சப்பாத்து வாங்குங்கள். புதுசை நேராக அங்கே கொண்டுபோகாமல், இங்கேயே சில வாரம் போட்டுப் பழக்குங்கள், இல்லாவிட்டால் முதல் நாளே குதிகாலில் கொப்புளம் வந்து பயணம் கெட்டுவிடும்.

குளிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். கீழே ஏரிக்கரையில் 25 டிகிரி வெயில் என்றாலும் ஃபவுல்ஹார்ன் உச்சியில் 11, 12தான் இருக்கும், காற்றடித்தால் உடம்புக்கு அதைவிடக் குறைவாகத் தெரியும். பருத்திச் சட்டை வியர்வையில் நனைந்தால் காயாது, அதோடு காற்றில் நின்றால் நடுங்குவீர்கள். கம்பளியோ செயற்கை நூலோ உள்ளே, காற்றையும் மழையையும் தடுக்கும் மேலாடை வெளியே. கையுறையை ஜூலையிலும் விட்டுவிடாதீர்கள்.

தம்பி, என் மகன் கோலாலம்பூரில் வேலை செய்கிறான். மேட்டர்ஹார்ன் ஏறப்போகிறேன் என்கிறான். அந்த மலையில் நிறையப் பேர் செத்திருக்கிறார்கள் என்று படித்தேன், ராத்திரி தூக்கமே இல்லை. தடுக்கலாமா?
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை

அக்கா, உங்கள் பயம் நியாயமானது. சுவிட்சர்லாந்து, இத்தாலி எல்லையில் நிற்கும் 4478 மீட்டர் மலை அது. 1865 ஜூலை 14 அன்று எட்வர்ட் விம்பர் என்ற ஆங்கிலேயரையும் சேர்த்து ஏழு பேர் முதன்முதலாக உச்சியைத் தொட்டார்கள், இறங்கும்போது ஒருவர் வழுக்க, கயிறு அறுந்து நான்கு பேர் இறந்தார்கள். இன்றும் பெரும்பாலானவர்கள் ஏறுவது அதே ஹோர்ன்லி முகட்டில்தான். 2003 கோடையின் கடும் வெப்பத்தில் பாறை இடுக்கில் உறைந்திருந்த பனி இளகி முகட்டின் ஒரு பகுதி சரிந்தது, மேலே இருந்தவர்களை ஹெலிகாப்டரில் இறக்கினார்கள். பாறைகளைச் சேர்த்துப் பிடித்திருப்பதே அந்தப் பனிதான், வெப்பம் கூடக் கூட இது தொடரும்.

தடுப்பதைவிட அவனிடம் சில கேள்விகள் கேளுங்கள். பாறை ஏற்றம் எங்கே கற்றான்? கனமான சப்பாத்தோடு, கயிற்றில் இன்னொருவரோடு, பல மணி நேரம் பாறை முகட்டில் ஏறி இறங்கியிருக்கிறானா? இதைவிடச் சுலபமான 4000 மீட்டர் மலை ஏதாவது ஏறியிருக்கிறானா? முறையான வழிகாட்டியை அமர்த்தியிருக்கிறானா? மேட்டர்ஹார்னில் ஒரு வழிகாட்டி ஒரே ஒருவரைத்தான் கூட்டிப்போவார், அதற்கு முன் வேறு முகட்டில் சோதித்துப் பார்ப்பார். இதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னால் பிள்ளை யோசித்துத்தான் பேசுகிறான். பதில் இல்லை என்றால் இந்த வருஷம் வேண்டாம், முதலில் பயிற்சி எடு என்று நீங்கள் சொல்லலாம். ஆசிரியை சொன்னால் கேட்பான்.

கயிறு கட்டிக்கொண்டால் பயம் இல்லைதானே?
படிவம் 5 மாணவர், கோலகங்சார்

தப்பு. இதை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கயிறு பாறையிலோ பனியிலோ எதிலாவது மாட்டியிருந்தால்தான் காப்பாற்றும். இரண்டு பேர் இடுப்பில் மட்டும் கட்டிக்கொண்டு நடந்தால், ஒருவர் விழும்போது மற்றவரையும் இழுத்துக்கொண்டு போகும். தெரிந்தவர்கள் பாறைக் கொம்புகளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கயிற்றை நெளித்து நடப்பார்கள், விழுந்தால் கொம்பு தாங்கும். கூரான பனி முகட்டில் ஒருவர் ஒரு பக்கம் விழுந்தால் கூட வருபவர் எதிர்ப்பக்கம் குதிக்க வேண்டும் என்பது பழைய பாடம், யோசிக்க ஒரு நொடிகூட இருக்காது. அதோடு, காற்று பனியைத் தள்ளித் தள்ளி முகட்டுக்கு வெளியே கூரை இறவாரம்போல நீட்டி வைத்திருக்கும், மேலே நின்றால் தரை மாதிரியே தெரியும், கீழே ஒன்றும் இருக்காது. அதனால் பனி முகட்டில் உச்சிக்கோட்டிலேயே நடக்காமல், காற்று வரும் பக்கம் நன்றாகத் தள்ளி நடப்பார்கள். பாறையில் இரண்டு கை இரண்டு கால் நான்கில் மூன்று எப்போதும் பிடியில் இருக்கட்டும். பிடிக்கும் கல்லைத் தட்டிப் பாருங்கள், பொள்ளல் சத்தம் கேட்டால் அதை விட்டுவிடுங்கள்.

இங்கே சாயங்காலமானால் இடி மின்னல்தான். அங்கேயும் அப்படியா? முகட்டில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?
லோரி ஓட்டுநர், சுங்கை சிப்புட்

கோடையில் அங்கேயும் பிற்பகலில்தான் இடிமழை கட்டும். அதனால்தான் விடியும் முன் கிளம்பி, மதியத்துக்குள் முகட்டை விட்டு இறங்கிவிடச் சொல்கிறார்கள். மின்னலைப் பார்த்ததும் எண்ணுங்கள், சத்தம் மூன்று நொடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வரும், 30 நொடிக்குள் இடி கேட்டால் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே இறங்க ஆரம்பியுங்கள். முடி நட்டுக்கொண்டாலோ கையிலுள்ள இரும்பு ரீங்கரித்தாலோ நேரமே இல்லை. உச்சிக்கோட்டிலிருந்து கொஞ்சமாவது கீழே இறங்கி, இரும்புக் கம்பி பதித்த இடத்தை விட்டு விலகி, ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு, காலைச் சேர்த்து மூட்டைமேல் குந்துங்கள். சின்னக் குகை வாயிலிலும் பாறைத் துருத்தலின் கீழும் ஒதுங்கக் கூடாது, மின்சாரம் அங்கேதான் தாவும்.

உதவி வேண்டுமென்றால் ஐரோப்பா முழுக்க 112, சுவிட்சர்லாந்தில் மீட்பு ஹெலிகாப்டருக்கு 1414. போன் கிடைக்காவிட்டால் நிமிடத்துக்கு ஆறு முறை விசிலோ விளக்கோ, பிறகு ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி ஆறு. மூன்று முறை பதில் வந்தால் உங்களைக் கவனித்துவிட்டார்கள். பயணக் காப்புறுதி எடுக்கும்போது மலை மீட்பு அதில் சேர்ந்திருக்கிறதா, எத்தனை மீட்டர் வரை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எனக்கு முட்டி வலி. ஆனாலும் அந்த மலைகளை ஒரு தடவை பக்கத்திலிருந்து பார்த்துவிட வேண்டும்.
பாட்டி ஒருவர், சுங்கை சிப்புட்

கண்டிப்பாகப் பார்க்கலாம் பாட்டி. மேட்டர்ஹார்ன் அடிவாரத்து ஊரான செர்மாட்டிலிருந்து கோர்னர்கிராட்டுக்கு 1898 முதல் ரயில் ஓடுகிறது, 3089 மீட்டர் வரை உட்கார்ந்தபடியே போகலாம், மேட்டர்ஹார்ன் நேர் எதிரே. 2500 மீட்டருக்கு மேல் சிலருக்குத் தலைவலி, குமட்டல் வரும், வந்தால் அடுத்த ரயிலில் இறங்கிவிடுங்கள். இரத்த அழுத்தம், இருதயக் கோளாறு இருந்தால் போகும் முன் டாக்டரிடம் கேளுங்கள்.

எவரெஸ்ட் ஏறிய முதல் மலேசியர்கள் தமிழர்களா?
ஆறாம் ஆண்டு மாணவி

ஆமாம் பாப்பா. எம். மகேந்திரனும் என். மோகனதாஸும், 1997 மே 23 அன்று. உன் வகுப்பில் எல்லாரிடமும் சொல்.

வெளிநாடு போக வசதியில்லை. இங்கேயே முகட்டு அனுபவம் கிடைக்குமா?
தொழிற்சாலை ஊழியர்கள் மூவர், சுங்கை சிப்புட்

கிடைக்கும். மரமில்லாத உயரப் பாறை வேண்டுமென்றால் சபாவில் உள்ள கினாபாலு, 4095 மீட்டர். வழிகாட்டி கட்டாயம், இடமும் முன்பதிவு செய்ய வேண்டும். ஏற்றம் தொடங்கும் திம்போஹோன் வாசல் 1866 மீட்டர், அன்று ராத்திரி தூங்குவது ஏறக்குறைய 3270 மீட்டரில். ஒரே நாளில் அவ்வளவு உயரம் ஏறுவதால்தான் பலருக்குத் தலை வலிக்கிறது, முதல் நாளே பூங்காப் பக்கம் ஒரு ராத்திரி தங்கிவிட்டு ஏறினால் நல்லது. அங்கே 2007 முதல் வியா ஃபெராட்டாவும் இருக்கிறது, பாறையில் இரும்புப் படியும் கம்பியும் பதித்த பாதை. இடுப்பிலிருந்து இரண்டு கொக்கி, ஒன்றைக் கழற்றும்போது மற்றது மாட்டியே இருக்க வேண்டும். காலுக்குக் கீழே பள்ளமாக இருக்கும்போது மனசு என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிடப் பாதுகாப்பான இடம் நம் நாட்டில் இல்லை. 2015 ஜூன் 5 நிலநடுக்கத்தில் அந்த மலையில் 18 பேர் இறந்தார்கள், வழிகாட்டிகளும் அதில் உண்டு. வழிகாட்டி திரும்பலாம் என்று சொன்னால் கட்டிய வெள்ளியை நினைத்து வாதாடாதீர்கள்.

உடம்பைத் தயார்ப்படுத்த ஈப்போ கிளேடாங் மலை போதும், மூட்டையில் தண்ணீர்ப் போத்தல்களை நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். இறங்கும்போது ஓடாமல் நிதானமாக இறங்குங்கள், தொடை நோவது இறக்கத்தில்தான். கோர்பு போன்ற வனக் காப்பகங்களுக்கு வனத்துறை அனுமதியும் பதிவுபெற்ற மலை வழிகாட்டியும் தேவை, சனிக்கிழமை போவதற்கு வெள்ளிக்கிழமை கேட்டால் கிடைக்காது, சில வாரம் முன்பே விண்ணப்பியுங்கள்.